உரைகல் யார் கையில்?

(இரண்டாமாண்டு, இளமறிவியல் வேதியியல்)

பொன்னா, பித்தளையா என்று அறிய உரைகல் உண்டு. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அறியப் பால்மானி உண்டு. எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் ஒரு சிட்டிகை உப்பைக் கொடுத்தால், அது இன்ன உப்பு என்று இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு கலைஞன் உண்மையானவனா, போலியா என்று அறிய எந்தச் சோதனைக் குழாயில் எந்த அமிலத்தை ஊற்றுவது?

விடுதியில் ஓர் இரவு எழுந்த வாக்குவாதமே இக்கட்டுரைக்கு வித்து. கொரிய நாட்டுப் பாட்டுக் குழுக்களை நம் மாணவ மாணவியர் எவ்வளவு விரும்பிக் கேட்கிறார்கள் என்பது பேராசிரியப் பெருமக்களும் அறிந்ததே. அன்று ஒரு நண்பர் கைப்பேசியில் கொரிய ராப் பாட்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த கட்டிலில் படுத்திருந்தவர், “இவனெல்லாம் ராப்பரா? முகத்திலே பூச்சு, மேடையிலே ஆட்டம். கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற பொம்மை!” என்றார். பேச்சு வளர்ந்து, விளக்கணைத்த பிறகும் ஓயவில்லை. இந்தச் சண்டை நம் விடுதிக்கு மட்டும் உரியதன்று. கொரியாவிலேயே பல்லாண்டுகளாக நடந்துவரும் சண்டை என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். ‘யார் உண்மையானவர்? அதைச் சொல்லும் உரிமை யாருக்கு?’ என்ற கேள்வி என்னை விடவில்லை. ஆதலால் இதை எழுதுகிறேன்.

ஐடல் என்பவர் யார்?

பதின்ம வயதிலேயே ஒரு கலை நிறுவனம் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் பாட்டும் ஆட்டமும் பயிற்றுவித்து, குழுவாக மேடையேற்றும் இளைஞரைக் கொரியாவில் ‘ஐடல்’ என்கிறார்கள். 1996-ஆம் ஆண்டு எஸ்.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய எச்.ஓ.டி. என்ற ஐவர் குழு இந்த முறைக்கு வழிகாட்டி எனலாம். இத்தகைய குழுக்களுக்குள் வேலைப் பிரிவினை உண்டு. இவர் முதன்மைப் பாடகர், இவர் ஆட்டக்காரர், இவர் ராப்பர் என்று பங்கு பிரித்துவிடுவார்கள். பாட்டுக் குரல் அமையாதவர் தலையில் ராப் பகுதியைக் கட்டிவிடுகிறார்கள் என்பது நெடுநாளைய குற்றச்சாட்டு.

நிறுவனத்தின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஒரு சான்று போதும். 2009-ஆம் ஆண்டு ஒரு புகழ்பெற்ற குழுவின் மூன்று உறுப்பினர்கள் தங்கள் பதின்மூன்று ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள். அதே ஆண்டில்தான் ஏழாண்டு வரம்பு கொண்ட மாதிரி ஒப்பந்தத்தை அந்நாட்டின் வணிக ஆணையம் வகுத்துத் தந்தது.

மறுபுறம், நிறுவனங்களின் துணையின்றி வளர்ந்த ராப்பர்கள் இருந்தார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், சியோல் நகரில் ஹோங்கிக் பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதிகளிலிருந்த சிறு அரங்குகளில் அவர்கள் கூடினார்கள். ‘மாஸ்டர் பிளான்’ என்ற அரங்கு அவற்றில் பெயர்பெற்றது. அயல்மொழியின் துணையின்றிக் கொரிய மொழியிலேயே ராப் பாடுவது என்று உறுதி கொண்ட ‘கேரியன்’ போன்ற குழுக்கள் அங்கிருந்து எழுந்தன. ‘வெர்பல் ஜிண்ட்’ என்பவர் 2001-இல் வெளியிட்ட தொகுப்பு, கொரிய மொழியில் இயைபை எப்படி அமைப்பது என்பதற்கே ஒரு பாடமாயிற்று. கொரிய மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. ஆகவே அடிதோறும் ஒரே விகுதியே திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டும். அவர் சொற்களைக் குறுக்கே வெட்டி, பல அசைகளை ஒலிக்கச் செய்து அந்தச் சலிப்பைப் போக்கினார். நம் மொழியிலும் வினைமுற்று இறுதியில்தானே வருகிறது! நம் முன்னோர் எதுகையை அடியின் தொடக்கத்தில் வைத்ததும் அதனால்தானோ என்று எண்ணிக்கொண்டேன். நிற்க.

கையில் காசில்லாமல், கேட்பாரும் அதிகமில்லாமல், ஒரு கலையைத் தம் மொழியில் நட்டு வளர்த்தவர்கள் இவர்கள். நேற்று வந்த ஓர் ஐடல் பளபளக்கும் உடையில் நின்று “நானும் ராப்பர்” என்றால் இவர்களுக்கு வயிறு எரியாதா? எரியும். அந்த எரிச்சலில் நியாயமும் உண்டு.

ஒரு மேடையில் எழுந்த கேள்வி

2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பி.டி.எஸ். என்ற எழுவர் குழு அறிமுகமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில், ஹிப்-ஹாப் திறனாய்வாளர் கிம் போங்-ஹ்யோன் நடத்திவந்த இணைய வானொலி நிகழ்ச்சியின் முதலாண்டு நிறைவு விழாவுக்கு அக்குழுவின் ராப்பர்களான ஆர்.எம்., சுகா இருவரும் அழைக்கப்பட்டிருந்தார்கள். நிறுவனக் குழுக்களுக்கு வெளியே வளர்ந்த பி-ஃப்ரீ என்ற ராப்பரும் வந்திருந்தார். அவர் எல்லார் முன்னிலையிலும் அவ்விருவரையும் இடித்துரைத்தார். எங்களோடு ஒரே பாதையில் நடந்திருக்க வேண்டியவர்கள் சபலத்தை வெல்ல முடியாமல் போய்விட்டீர்கள் என்பதும், ஒப்பனையும் ஆட்டமும் ராப்பருக்கு அழகா என்பதும் அவர் பேச்சின் சாரம்.

கூர்ந்து நோக்கினால் அந்தப் பேச்சில் ஓர் ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. ‘ஒரே பாதையில் நடந்திருக்க வேண்டியவர்கள்’ என்றால், அவர்களுக்குத் திறமை இல்லை என்று அவர் சொல்லவில்லை என்றுதானே பொருள்? உண்மையும் அதுவே. ஆர்.எம். அதற்கு முன்பு வேறு பெயரில் சியோல் ராப் வட்டாரத்தில் பாடியவர். சுகா தேகு நகரில் ‘கிளாஸ்’ என்ற பெயரில் ‘டி-டவுன்’ என்ற சிறு குழுவோடு இசை அமைத்தவர். அவர்கள் சேர்ந்தபோது அது ராப் குழுவாகவே திட்டமிடப்பட்டிருந்தது. பிறகுதான் ஐடல் குழுவாக வடிவம் மாறிற்று. அப்படியானால் அவர்கள் செய்த குற்றம் என்ன? மோசமாகப் பாடியதா? இல்லை. எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள் என்பதே குற்றம்.

2016-ஆம் ஆண்டு பி-ஃப்ரீ தம் பேச்சுக்காக மன்னிப்புக் கேட்டார். அதை நான் வெற்றி தோல்வியாகக் காட்டவில்லை. மேடையில் ஒருவரைச் சுட்டுவது எளிது. மூன்றாண்டு கழித்து வருந்துகிறேன் என்பது அரிது. அந்த அளவில் அவரையும் மதிக்கிறேன்.

தாய்வீடு தூய்மையாக இருந்ததா?

ஐடல் ராப்பரை மறுப்போர் ஹிப்-ஹாப் பிறந்த மண்ணைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அழைக்கட்டும், அந்தச் சாட்சி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1973-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் நடந்த விருந்தை ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று இசைத்தட்டு சுழற்றிய கூல் ஹெர்க், ஜமைக்காத் தீவிலிருந்து குடியேறி வந்தவர். இசைத்தட்டு, ராப், ஆட்டம், சுவரோவியம் என நான்கும் சேர்ந்ததே ஹிப்-ஹாப் என்று அதன் முன்னோர் வகுத்தார்கள். ஆக, ஆட்டம் அதன் உடன்பிறப்பு. ‘ஆடுகிறவன் ராப்பர் ஆகமாட்டான்’ என்பவர் தாயை வைத்துக்கொண்டே பிள்ளையைத் தள்ளிவைக்கிறார்.

அடுத்து, எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பது. ராப் என்ற ஒன்று இருப்பதையே உலகத்துக்கு அறிவித்த முதல் பெரிய இசைத்தட்டு 1979-இல் வெளிவந்த ‘ராப்பர்ஸ் டிலைட்’. அதைப் பாடிய மூவர் குழு தெருவில் தானாக முளைத்ததன்று. சில்வியா ராபின்சன் என்ற இசைத்தட்டு நிறுவன உரிமையாளர் ஆள் தேடித் திரட்டிய குழு அது. அவர்களில் ஒருவர் பிட்சாக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தவர். அவர் பாடிய அடிகள் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற வேறொரு கலைஞர் எழுதியவை. அந்தக் கலைஞரின் பெயர்கூடத் தட்டில் இடம்பெறவில்லை. நிறுவனம் திரட்டிய குழு, பிறர் எழுதிய வரிகள்! ஐடல்களின் மேல் சுமத்தப்படும் இரு குற்றங்களும் ராப்பின் முதல் வெற்றியிலேயே இருக்கின்றன.

‘ஆகவே குற்றமே இல்லை’ என்று நான் சொல்ல வரவில்லை. காஸுக்கு இழைக்கப்பட்டது அநீதிதான். பழைய காலம் தூய்மையாக இருந்தது, இப்போது கெட்டுவிட்டது என்ற கதையை மட்டும் நம்பவேண்டாம் என்கிறேன்.

கொரியாவின் சொந்த வரலாறும் இதையே காட்டுகிறது. 1992-இல் சியோ தைஜியும் இரு தோழர்களும் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் ராப் கலந்த பாட்டைப் பாடியபோது நடுவர்கள் மிகக் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். நாட்டின் இளைஞர்களோ அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இன்று கொரிய மக்களிசையை அந்தக் குழுவுக்கு முன், அக்குழுவுக்குப் பின் என்று பிரித்தே பேசுகிறார்கள். அன்றைய நடுவர்களின் உரைகல் பொன்னை அறியத் தவறிவிட்டது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் கலையைக் கொரியர் யார் எடுத்தாலும் அது கடன்தான். பி-ஃப்ரீ இருந்த ஹை-லைட் நிறுவனத்தையே சேர்ந்த கீத் ஏப் என்ற ராப்பர் 2015-இல் வெளியிட்ட பாட்டு உலகப் புகழ் பெற்றது. அது தம் பாட்டை ஒட்டி அமைந்தது என்று ஓஜி மாக்கோ என்ற அமெரிக்க ராப்பர் குறை கூறினார். பின்னர் அவருக்கும் வருவாயில் பங்கு கிடைத்தது. ‘நாங்கள் அசல், நீங்கள் நகல்’ என்று சொல்வோர் தங்கள் வீட்டுக் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

தொலைக்காட்சி மூட்டிய அடுப்பு

2012-இல் ‘ஷோ மீ தி மணி’ என்ற ராப் போட்டியை எம்நெட் தொலைக்காட்சி தொடங்கியது. பிறகு இரு தரப்பும் ஒரே கூரையின்கீழ் மோத நேர்ந்தது. 2014-இல் நடந்த மூன்றாம் சுற்றில் வென்றவர் பாபி, ஒய்.ஜி. நிறுவனத்தில் பயிற்சியிலிருந்த இளைஞர். 2015-இல் இரண்டாமிடம் பெற்றவர் வின்னர் என்ற ஐடல் குழுவின் மினோ. அதைவிட வியப்பு, அதே சுற்றில் நடுவர் இருக்கையில் அமர்ந்தவர்களில் ஒருவர் ஸீகோ. பிளாக் பி என்ற ஐடல் குழுவின் தலைவர். அதற்கு முன் தாமே பாட்டுத் தொகுப்பு வெளியிட்டுச் சிறு வட்டாரத்தில் பெயர் எடுத்தவர். அவருடன் இணை நடுவராக இருந்தவர் ஹை-லைட் நிறுவனத்தைத் தோற்றுவித்த பாலோஆல்டோ. இரண்டாண்டுக்கு முன் ‘உள்ளே வராதே’ என்று குரல் எழுந்த வீட்டின் தலைவர், ஓர் ஐடலோடு ஒரே மேசையில் அமர்ந்து ராப்பர்களைத் தேர்ந்தெடுத்தார்.

இதனால் ஐடல்களுக்கு வெற்றி என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ஐடலுக்கு ஏற்கெனவே இரசிகர் படை உண்டு. அரங்கில் வாக்களிப்போர் திறமைக்கு வாக்களித்தார்களா, முகத்துக்கு வாக்களித்தார்களா என்ற ஐயம் நியாயமானதே. மேலும், 2015-ஆம் ஆண்டுப் போட்டியில் மினோ பாடிய ஒரு வரி பெண்களை இழிவுபடுத்துவதாக இருந்தது. மகப்பேறு மருத்துவர் சங்கமே கண்டனம் தெரிவிக்க, அவரும் தொலைக்காட்சியும் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஏன் அப்படிப் பாடினார்? ‘நான் மென்மையான ஐடல் அல்லேன், முரட்டு ராப்பர்’ என்று மெய்ப்பிக்கும் வேகமே காரணம் என்பது என் ஊகம். கொச்சையாகப் பேசினால்தான் உண்மை என்ற தவறான உரைகல்லை ஒருவர் கையில் கொடுத்தால், அதில் உரசுவதற்கு அவர் கொச்சையைத்தான் கொண்டுவருவார். தவறான சோதனை, சோதிக்கப்படுபவரையும் கெடுக்கும்.

அதே போட்டியில் அமெரிக்க ராப்பர் ஸ்னூப் டாக் முன்னிலையில், பத்து நிமிடங்களுக்குள் ஒரே ஒலிவாங்கியைப் பிடித்துப் பாட வேண்டும் என்றார்கள். ஐடலும் மற்றவரும் ஒருவரையொருவர் முண்டியடித்துக்கொண்டு பாய்ந்தார்கள். பஞ்சகாலத்தில் கஞ்சித்தொட்டியின் முன் நடக்கும் தள்ளுமுள்ளு போன்ற காட்சி அது. அங்கே தோற்றது எந்தத் தரப்பு? இரண்டுமே அல்லவா? தன்மானம் பற்றி அவ்வளவு பேசியவர்கள், தொலைக்காட்சிக்காரன் வைத்த விதிக்குப் பணிந்தார்கள். சோறு போடாத கலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை நான் பழிக்கமாட்டேன். ஆனால் நிறுவனத்துக்குப் பணிந்தவர் ஐடல் மட்டுமே என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.

என் மூன்று சோதனைகள்

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ‘உன் உரைகல் எது?’ என்று கேட்பீர்கள். மூன்று சோதனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, சொல் அவருடையதா? ராப் என்பது தன் வாயால் தன் பேச்சைப் பேசும் கலை. பிறர் எழுதியதை ஒப்பிப்பவர் நல்ல பாடகராக இருக்கலாம். அதில் இழிவு இல்லை. ஆனால் ராப்பர் என்ற பட்டத்தை அவருக்குக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. இந்தச் சோதனையில் பல ஐடல்கள் தேறமாட்டார்கள். இதில் என் விடுதி நண்பர் சொன்னதே சரி.

இரண்டாவது, வாழ்க்கை அவருடையதா? பிராங்க்ஸ் தெருவில் பிறக்காதவர் பிராங்க்ஸ் தெருவைப் பாடினால் அது வேடம். ஐடலுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு. பயிற்சி அறையின் கண்ணாடி, ஊரைவிட்டு வந்த தனிமை, நாளை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம், இவையெல்லாம் அவர் வாழ்ந்தவை. 2016-இல் சுகா ‘அகஸ்ட் டி’ என்ற பெயரில் ஒரு தொகுப்பை விலையின்றி வெளியிட்டார். அந்தப் பெயரைத் திருப்பிப் படித்தால், தம் பழைய தேகுக் குழுவின் சுருக்கமும் தம் பெயரும் வரும். அதில் தமக்கு இருந்த மனச்சோர்வையும் மனிதரைக் கண்டு அஞ்சிய நோயையும் மறைக்காமல் பாடினார். புன்னகையையே விற்கும் தொழிலில் இருப்பவர் இதைச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

இன்னொரு சான்று. 1980-ஆம் ஆண்டு மே 18 அன்று குவாங்ஜு நகர மக்கள் படையாட்சியை எதிர்த்து எழுந்தார்கள். படை அவர்களைச் சுட்டது. அந்நகரில் பிறந்த ஜே-ஹோப், 2015-இல் தம் குழு வெளியிட்ட பாட்டொன்றில் ஊரின் தொலைபேசிக் குறியீடான 062-ஐயும் மே 18-ஐக் குறிக்கும் 518-ஐயும் சேர்த்துப் பாடினார். அதற்கும் ஐந்தாண்டு முன்பே, 2010-இல், சுகாவின் தேகுக் குழு அதே எண்களைத் தலைப்பாக்கிக் குவாங்ஜுவை நினைவுகூர்ந்திருந்தது. அன்றைய படைத்தலைவர் சுன் டூ-ஹ்வான் படித்த ஊர் தேகு. இரு வட்டாரங்களுக்கும் நெடுநாள் பகை. எதிர் வட்டாரத்து இளைஞர்கள் குவாங்ஜுவுக்காகக் குரல் கொடுத்தார்கள். இதைப் பாடியவர்களையா பொம்மை என்பது?

மூன்றாவது, கடனை ஒப்புக்கொள்கிறாரா? இந்தக் கலை யாரிடமிருந்து வந்தது, தம் மொழியில் அதை வளர்த்தவர் யார் என்பதைச் சொல்லும் நேர்மை வேண்டும். மேடை கிடைத்த ஐடல், மேடை கிடைக்காதவரை மறக்கக்கூடாது. மாஸ்டர் பிளான் அரங்கில் வியர்வை சிந்தியவர்கள் வெட்டிய வாய்க்காலில்தான் இன்று ஐடலின் தோணியும் ஓடுகிறது.

இம்மூன்றையும் இரு தரப்பாருக்கும் ஒரே அளவாக வைத்துப் பாருங்கள். ஐடல்களில் சிலர் தேறுவார்கள், பலர் தேறமாட்டார்கள். மற்றவர்களிலும் அப்படியே. இரண்டு பெட்டிகளாகப் பிரித்துவைத்து, ஒன்றில் ‘பொன்’ என்றும் மற்றொன்றில் ‘பித்தளை’ என்றும் எழுதி ஒட்டுவதையே மறுக்கிறேன். 2பி.எம். என்ற ஐடல் குழுவிலிருந்து 2009-இல் விலகிய ஜே பார்க், 2013-இல் ஏ.ஓ.எம்.ஜி. என்ற ஹிப்-ஹாப் நிறுவனத்தையே நிறுவினார். அவரை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

இதில் எனக்கென்ன?

எங்கோ இருக்கும் கொரியாவின் சண்டையில் உனக்கென்ன இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறைக்கு ஊருக்குப் போனால், “பேச்சே மாறிப்போச்சு, இனிமே நீ நம்ம ஆளு இல்ல” என்கிறார்கள். இங்கே கருத்தரங்கில் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேச எழுந்தால், பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்கிறது. அங்கே நான் படித்த ஆள்; இங்கே நான் ஊரிலிருந்து வந்த ஆள். இரண்டு இடத்திலும் நான் கொஞ்சம் போலி. எந்த வாசல் வழியாக வந்தாய் என்று பார்த்து மதிப்பெண் போடுவோரை, ஆகவே, எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒப்பனையோடு நின்ற அந்த இரு இளைஞர்களைப் பற்றிப் படித்தபோது அந்தப் பின்வரிசைச் சிரிப்புத்தான் என் காதில் விழுந்தது.

அதே சமயம், பி-ஃப்ரீயின் கோபமும் எனக்கு அயலானதன்று. பாடுபட்டு நட்ட வயலில் வேறொருவன் அறுவடைக்கு இறங்கினால் எங்கள் ஊரிலும் அரிவாள்தான் பேசும். அதனால்தான் இச்சண்டையை ஒரு பக்கமாக நின்று பார்க்க என்னால் முடியவில்லை.

விடுதி நண்பர் இன்னும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றவேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் அவரிடம் சொன்னேன். அவரும் வேதியியல் மாணவர்தாம். உப்பைச் சோதிக்கும்போது அதைக் கரைக்கிறோம், சூடேற்றுகிறோம், அமிலம் விடுகிறோம், நிறம் மாறுகிறதா என்று பொறுமையாகப் பார்க்கிறோம். எந்தக் கடையில் எந்தத் தாளில் மடித்துக் கொடுத்தார்கள் என்று நோக்கி எவரும் விடை எழுதுவதில்லை. அப்படி எழுதினால் செய்முறைத் தேர்வில் சுழிதான் கிடைக்கும்.